ஜெசிந்தா வைத்த மஞ்சள் பொட்டு

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஒரு தாப்பிரின் வயிற்றுக்குள் இருந்தன. கோலா கிளாவாங் மலைச்சாலையில் லோரி மோதிச் செத்துப்போன பெண் தாப்பிர், பன்றிபோல் உடம்பும் நீள மூக்கும் உள்ள காட்டு விலங்கு. சிரம்பானில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுப் பிழைக்கிற கால்நடை மருத்துவர் நான். காட்டு விலங்கு ஏதாவது இறந்து கிடந்து, அறுத்துப் பார்க்க வேறு ஆள் கிடைக்காத நாளில் என்னைக் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் கைபேசி விடாமல் அடித்தது. கையுறை முழுக்க ரத்தம், எடுக்க முடியவில்லை. யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினால் ஜெசிந்தாவே என்னைத் திட்டுவாள். முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன்.

இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது அவள் தம்பி ஆரோக்கியம் அனுப்பியது: "அக்கா போய்ட்டாங்க. வலி இல்லாம போனாங்க." இரண்டாவது, அவள் வேலை செய்த ஆய்வுப் பிரிவின் தலைவரிடமிருந்து. டாக்டர் ஜெசிந்தா அந்தோணிசாமிக்கு நினைவு மலர் ஒன்று கொண்டுவரப் போகிறாராம். நெருங்கிய தோழி என்ற முறையில் நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். பழைய கசப்புகளை விட்டுவிட்டு மென்மையாக எழுதினால் நல்லதாம். உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை, அதற்குள் மலர். சாலையோரத்தில் நின்று அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அதனால் எழுதுகிறேன். அவருடைய மலருக்கு இல்லை. ஜெசியைத் தெரிந்த உங்களுக்கு. மலரோடு இன்னொன்றும் வருகிறது. 'டாக்டர் ஜெசிந்தா நினைவுத் திட்டம்' என்று ஒன்றை அவர் தொடங்கிவைக்கப் போகிறார். தோட்டத்து நாய்கள் காட்டு விலங்குகளுக்கு நோயைப் பரப்புகின்றனவாம், ஆகவே தோட்டங்களிலிருந்து நாய்களை ஒழிப்பதுதான் அந்தத் திட்டத்தின் முதல் வேலையாம். எந்தப் பொய்யை எதிர்த்து அவள் வேலையையும் உடம்பையும் தேய்த்துக்கொண்டாளோ, அந்தப் பொய்யின் நெற்றியிலேயே அவள் பெயரை ஒட்டப் பார்க்கிறார். இது நடக்கக்கூடாது. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வழக்குப் போடுவார். எழுதாமல் விட்டால், வழக்குப் போடுவதற்கு முன்னால் 'அந்த ஆள் நான்தான்' என்று அவரே ஊரறியச் சொல்லியாகவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

ஜெசிந்தா கோலா சாவாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதே தோட்டத்தில் கணக்கெழுதி ஆட்களை மேய்க்கிற கிராணி வேலை பார்த்தவர். நாங்கள் இரண்டு பேரும் பழகத் தொடங்கியபோது எனக்கே அது தெரியாது. அவள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். "ஓ, நீ கிராணி வீட்டுப் பொண்ணா? உங்க தாத்தா எங்க தாத்தாவ வெயில்ல நிக்க வெச்சிருக்காரு லா. ஒரு டீ வாங்கிக் குடு, மறந்துடுறேன்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். அவள் மறக்கவில்லை. கடைசிவரை எங்கே உட்கார்ந்தாலும் டீ என் தலையில்தான். எதையும் மறக்காத குணம் அவளுக்கு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அவள் படித்தது மரபணு. பிடித்துக்கொண்டது மூசாங். செம்பனை மரங்களுக்கிடையில் ராத்திரியில் பழத்தையும் எலியையும் தின்று திரிகிற அந்த மரநாயை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. புலி என்றால் பணம் கிடைக்கும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். மூசாங்குக்கு யார் வருவார்? ஜெசி போனாள். ஜெலுபு மலையிலிருந்து கடற்கரைவரை அதன் எச்சத்தைத் தேடித்தேடிப் பொறுக்கினாள். அவள் காரில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்ளவேண்டும். அந்த எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, இந்த மூசாங் எந்தப் பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவாள். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "நம்ம ஆளுங்க பேச்சக் கேட்டாலே இவன் ரந்தாவ், அவன் ஜெலுபுன்னு சொல்லிடலாம் இல்ல? மூசாங்குக்கும் அப்படி ஊர் இருக்கு, ரத்தத்துல" என்றாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மாதிரியை எடுத்தாலும் மூன்று சிறு குழாய்களில் பிரித்துப் போடுவாள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆய்வகத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். எதற்கு மூன்று என்று கேட்டால், "ஒண்ணு வேலைக்கு. ஒண்ணு கேக்குறவங்களுக்கு. ஒண்ணு மனுஷனுக்குப் பயந்து" என்பாள். மூன்றாவது குழாய் அந்தக் கட்டடத்தில் இருக்காது. எங்கே போகிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஓர் ஆளைத் தவிர.

இனி நாய்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் தோட்டத்தில் இப்போது மாடே கிடையாது. நிர்வாகம் மாடு வளர்க்கவே விடவில்லை. மாடு போனாலும் மாட்டுப்பொங்கலை விட மனம் வராத சனம் அது. ஆகவே அன்றைக்கு வீட்டு நாயைப் பிடித்துக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் கட்டிவைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஜெசி சிரிக்கவில்லை. தோட்டத்து நாய் ஒன்றுவிடாமல் கட்டிக் கிடக்கிற நாள் வருடத்தில் அது ஒன்றுதான் என்பதைப் பிடித்துக்கொண்டாள். கைப்பையில் செபமாலை, தோளில் தடுப்பூசிப் பெட்டி. வீடு வீடாகப் போவாள், நான் ஊசி போடுவேன். போட்ட நாயின் நெற்றியில் அவள் தன் கையால் மஞ்சள் குழைத்துப் பெரிய பொட்டாக வைப்பாள். ஒரே நாய்க்கு இரண்டு தடவை போட்டுவிடாமல் இருக்க அதுதான் எங்கள் அடையாளம். மஞ்சள் இருந்தால் ஊசி போட்டாயிற்று. மஞ்சள் இல்லாத நாய் அந்தத் தோட்டத்தில் இருக்காது. மாதாகோயில் பிள்ளை பொங்கலுக்கு நாய்க்குப் பொட்டு வைக்கிறதே என்று பாக்கியம் அக்கா கிண்டல் செய்வார். பாக்கியம் அக்கா உதிரிப்பழம் பொறுக்குகிறவர். தம் நாய் ஜிம்மியைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்துவார்.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்தில் மூசாங்குகள் சாக ஆரம்பித்தன. பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு ரோட்டுக்கு வந்தன. மூக்கில் சளி, கண்ணில் பீளை, மனிதர்களைக் கண்டு பயப்படவில்லை. கடைசியில் கை கால் இழுத்துச் செத்தன. பாக்கியம் அக்காதான் ஜெசிக்குப் போன் போட்டுச் சொன்னார். நான் அறுத்துப் பார்த்தேன். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், நாங்கள் ஊசி போட்டுத் தடுத்துவந்த அதே நோய். நாயிடமிருந்து காட்டு விலங்குக்குத் தாவினால் ஒரு கூட்டத்தையே துடைத்துவிடும் நோய் அது. புலிக்குக்கூட வரும்.

தலைவருக்கு விஷயம் போனது. அவர் தோட்டத்துக்கு வந்ததில்லை. வந்தாலும் காரிலிருந்து இறங்கியிருக்கமாட்டார், சப்பாத்து அழுக்காகிவிடும். மேசையில் உட்கார்ந்தபடியே முடிவு சொன்னார். தோட்டத்தில் நாய் நிறைய, தோட்டத்து ஆட்களுக்கு நாய் வளர்க்கத் தெரியாது, தடுப்பூசி என்ற பேச்சே கிடையாது, ஆகவே நோய் அந்த நாய்களிடமிருந்துதான் வந்தது, உடனே ஒழிக்கவேண்டும். அவருடைய அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பட்டணத்துக்குப் போய் ஒரு தலைமுறைதான் ஆகிறது. அதற்குள் தோட்டத்துச் சனம் என்றால் வாயைக் கோணுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

அந்த ஆண்டு மாட்டுப்பொங்கல் முடிந்து அந்த வாரமே துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். தலைவரின் பரிந்துரையைக் காட்டித் தோட்ட நிர்வாகம் கூப்பிட்டிருந்தது. காலை நேரம், ஆட்கள் வேலைக்காட்டில் இருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டாத நாயெல்லாம் தெருநாய் என்று வைத்துக்கொண்டு சுட்டுத் தள்ளினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொழிலாளர் லயத்து முன்னால் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒருவன் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பாக்கியம் அக்கா சாக்கை விரித்து ஜிம்மியை மடியில் தூக்கி வைத்திருந்தார். ஜெசி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஊசி போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே பிள்ள சொன்ன" என்றார் பாக்கியம் அக்கா. குறை சொல்லவில்லை, கேட்டார். ஜெசி ஜிம்மியின் நெற்றியைத் தடவினாள். திரும்பி வரும்போது காரில் என்னிடம் சொன்னாள்: "பரமேஸ், இத நான் அவருக்குத் திருப்பிக் குடுக்காம சாகமாட்டேன்."

பல பேர் கோபம் வந்தால் கத்துவார்கள். ஜெசி ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செத்த மூசாங்குகளின் மரபணுவை எடுத்துப் பார்த்தாள். முதலில் செத்தவை எவையோ அவை அந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவையே இல்லை. கோலா கிளாவாங் மலைக்கூட்டத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து கோலா சாவாவுக்கு நடந்து வரவேண்டுமென்றால் மலையிறங்கி, சிரம்பானைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி வரவேண்டும். "மூசாங் பஸ் ஏறி வராது லா. யாரோ ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க" என்றாள். பாக்கியம் அக்காவைக் கேட்டோம். விடியற்காலையில் பழம் பொறுக்கப் போகும்போது, கிளி படம் போட்ட லோரி ஒன்று தோட்டத்து எல்லையில் நின்று கூண்டுகளைத் திறந்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார். காட்டிலாகாக்காரர்கள் புண்ணியத்துக்கு விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

கிளி படம் போட்ட லோரி சி ரூசா கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு விலங்குப் பூங்காவுடையது. மூசாங் தின்று கழித்த கொட்டையில் போடும் மூசாங் காப்பியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற இடம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பப் பெண்கள்போல உள்ளே போனோம். ஒரு மூலையில் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவதற்கு வெளிநாட்டு நாய்க்குட்டிகள். அதில் ஒன்று இருமிக்கொண்டும் மூக்கு ஒழுகிக்கொண்டும் கிடந்தது. அதை ஒட்டியே மூசாங் கூண்டுகள். பொறி வைத்துப் பிடித்தவை என்பது காலில் இருந்த புண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஜெசி இரண்டு ஐஸ்கிரீம் வாங்கினாள். தின்று முடித்த குச்சியால் கூண்டுக்கடியில் கிடந்த எச்சத்தைச் சுரண்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இருமிக்கொண்டிருந்த அந்த நாய்க்குட்டியின் மூக்கைக் கைக்குட்டையால் பாசமாகத் துடைத்துவிட்டாள். கைக்குட்டையும் பைக்குள் போனது. காவலாளி அவளைப் பார்த்து, அக்காவுக்கு நாய் என்றால் ரொம்பப் பிரியம்போல என்றான். "ரொம்ப" என்றாள் ஜெசி.

வெளியே வரும்போதுதான் அந்தப் பெரிய பலகையைப் பார்த்தோம். கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிறார் பூங்காவின் ஆலோசகர். அதே ஆய்வுப் பிரிவுத் தலைவர். நான் பலகையின் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஜெசி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், நாய்கள் செத்த பிறகு முதல் தடவையாக.

எல்லாம் பொருந்தியது. கூண்டு எச்சத்தில் இருந்த மூசாங்குகள் கோலா கிளாவாங் மலைக்கூட்டம். நாய்க்குட்டியின் மூக்கிலிருந்த வைரஸும் தோட்டத்து மூசாங்குகளைக் கொன்ற வைரஸும் ஒரே வார்ப்பு. காட்டில் பிடித்து, கூண்டில் நாய்க்குட்டி பக்கத்தில் வைத்து, நோய் வந்ததும் செத்தால் கெட்டபெயர் என்று கொண்டுவந்து தோட்டத்தில் கொட்டியிருக்கிறார்கள். கொட்டிவிட்டுப் பழியைத் தோட்டத்துச் சனத்தின் மேல் போட்டார்கள். போட்டவருக்குப் பூங்காவில் சம்பளம்.

அதற்குப் பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தலைவர் மேடையில் பேசினார். பெரிய திரையில் ஒரு படத்தைப் போட்டார். லயத்து முன்னால் வரிசையாகக் கிடந்த நாய்கள். இவை உடைமையாளர் இல்லாத, தடுப்பூசியே அறியாத தெருநாய்கள் என்றார். இவை ஒழிந்ததால் காடு பிழைத்தது என்றார். ஜெசி எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் கொடுக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

"ஐயா, அந்த நாய்ங்க நெத்தியக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க."

யாரோ ஒரு பையன் கணினியில் பெரிதாக்கிவிட்டான். மண்டபமே பார்த்தது. ஒவ்வொரு நெற்றியிலும் மஞ்சள். "அந்த மஞ்சள் நான் வெச்சது. ஊசி போட்ட நாய்க்குத்தான் வெப்பேன். நீங்க சுட்டது தோட்டத்துலயே நோய் வராத நாய்ங்கள. நோய் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணுமா, சி ரூசாவுல உங்க பலகைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க" என்றாள். தலைவர் தண்ணீர் குடித்தார். அடுத்த படத்துக்குப் போகச் சொன்னார். போய்விட்டார். படித்தவர்கள் நிறைந்த மண்டபம், ஒரு வாய் திறக்கவில்லை. உங்களில் பலர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே வந்து, ஜெசி, நன்றாகச் சொன்னாய் என்று காதோடு சொன்னீர்கள். காதோடு சொன்னதை அவள் ஒருபோதும் கணக்கில் வைத்ததில்லை.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரியும். அவளை ஆய்விலிருந்து எடுத்தார்கள். மாணவர்களுக்குக் கண்ணாடிக் குழாய் கழுவச் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். பள்ளி விடுமுறையில் ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது அவளுடைய உறைபெட்டியின் சுவிட்சை யாரோ தெரியாமல் அடைத்துவிட்டார்களாம். ஒருவரும் கவனிக்கவில்லையாம். திறந்தபோது நாற்றம் தாங்கவில்லை. பல வருடத்து மாதிரிகள் தண்ணீராகிக் கிடந்தன. தலைவர் தோளில் கை வைத்து, என்ன செய்வது ஜெசிந்தா, இனி யாராலும் சரிபார்க்க முடியாதே, சரிபார்க்க முடியாததை அறிவியல் என்று சொல்ல முடியாதே என்று வருத்தப்பட்டாராம். ஜெசி தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு என் கிளினிக்கில் டீ குடிக்கும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊற்றிய டீயைக் குடித்து முடித்துவிட்டு, பின்னறைக்குப் போய் என் மருந்து ஃபிரீசரைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

ஆமாம், அங்கேதான். தடுப்பூசிக்குப் பின்னால், பெரிய ஐஸ்கிரீம் டப்பாக்களில், அவளுடைய மூன்றாவது குழாய்கள் அத்தனையும் இருந்தன. பிரித்தெடுத்த மரபுப்பொருள் என்பதால் சாதாரண ஃபிரீசரே போதும். மனுஷனுக்குப் பயந்து வைத்தது வீண்போகவில்லை. உடனே வெளியே சொல்லுவோம் என்று நான் குதித்தேன். அவள்தான் அடக்கினாள். "ஒரு லேப் சொன்னா அது ஜெசியோட கோபம். ரெண்டு லேப் சொன்னாதான் அது உண்மை. பொறு" என்றாள். வெளிநாட்டில், அவளையும் அவரையும் அறியாத ஓர் ஆய்வகத்துக்குக் குழாய்களில் ஒரு பகுதியை அனுப்பினோம். எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே அனுப்பினோம்.

அதற்குள் அவள் உடம்பில் புற்று வந்துவிட்டது. மருத்துவமனையில் அவளைப் பார்க்க வந்த பங்குச் சாமியார் ஒருவர், மனதில் யார்மேலும் பகை வைத்துக்கொண்டு போகக்கூடாது, எல்லாரையும் மன்னித்துவிடு மகளே என்று கனிவாகச் சொன்னார். நல்ல மனிதர். ஜெசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிக்கிறது ஆண்டவர் வேலை, ஃபாதர். அத அவரு பாத்துக்குவாரு. சாம்பிள் வெக்கிறதுதான் என் வேலை" என்றாள். அவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

பதில் வந்த அன்று மதியம் நான் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். மூசாங்குகள் கோலா கிளாவாங். வைரஸ் பூங்கா நாய்க்குட்டியினுடையது. அவள் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அப்படியே. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு, அவரிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நீதான் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், என்ன இந்தக் கிராணி வீட்டுப் பெண்ணுக்குப் புத்தியே இல்லையா என்பது இருந்தது.

"நான் போய்ட்டேன்னா நீ சொல்லு, பரமேஸ். மெதுவா மட்டும் சொல்லாத."

அடக்கம் அன்று தோட்டத்துச் சின்ன மாதாகோயில் நிரம்பி வழிந்தது. தலைவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார், இந்தத் தடவை காரிலிருந்து இறங்கினார். இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டார். ஆரோக்கியத்துக்கு, மரியாதை கருதி, மறுக்கத் தெரியவில்லை. ஜெசிந்தா தமக்கு மகள் மாதிரி என்றார் தலைவர். அவள் வாழ்நாளில் ஒருவரையும் பகைத்ததில்லை என்றார். அவள் விட்டுப்போன பணியைத் தாமே அவள் பெயரால் முடித்துவைப்பேன் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா பக்கத்துப் பெண்ணிடம் பேசுவதுபோல, கோயிலே கேட்கும்படி சொன்னார்: "நாய சுட்ட கை பூ வெக்கிது பாரு லா."

அவர் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்.

ஐயா, இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவள் ஒருவரையும் பகைக்கவில்லை என்று செத்தவள்மேல் பொய் சொல்லாதீர்கள். பகைத்தாள். உங்களைத்தான். முழு மனதோடு, காரணத்தோடு, வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் பகைத்தாள். சுவிட்சை அடைத்து நீங்கள் அழித்தது முதல் குழாயையும் இரண்டாவது குழாயையும்தான். மூன்றாவது என்னிடம் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகத்தின் முடிவு உங்கள் பிரிவின் மேலிடத்துக்கும், வனத்துறைக்கும், பத்திரிகைகளுக்கும் இன்று காலை போய்விட்டது. தபாலில் போட்டது நான். முகவரிகளை எழுதிவைத்தது அவள்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை கொஞ்சம். ஃபிரீசரில் அந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள். கொடுக்காமல் பாக்கி வைத்த டீ ஒன்று, கடைசி நாள் கேட்டாள், நர்ஸ் கூடாதென்று சொல்லிவிட்டார். மஞ்சள் குழைக்கிற பித்தளைக் கிண்ணம், ஆரோக்கியம் கொண்டுவந்து கொடுத்தான். அப்புறம் அவள் கோபம். அதை எனக்கு அப்படியே விட்டுப் போயிருக்கிறாள், ஒரு சொட்டு உருகாமல். நான் அழவேண்டிய அழுகை இன்னும் பாக்கி இருக்கிறது. அதை உங்கள் விழா முடிந்தபிறகு அழுதுகொள்கிறேன்.

உங்கள் திட்டத் தொடக்க விழா அழைப்பிதழ் வந்தது, ஐயா. மேலே அவள் படம், கீழே உங்கள் பெயர், ஓரத்தில் 'அனைவரும் வருக' என்று போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். தேதி மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நாங்கள் கவனித்தோம். ஜிம்மி போன பிறகு பாக்கியம் அக்கா வளர்க்கிற நாய்க்கும், அந்தத் தோட்டத்து மற்ற நாய்களுக்கும் முதல் நாளே நான் ஊசி போட்டுவிடுவேன். ஜெசியின் கிண்ணத்தில் மஞ்சள் குழைப்பேன். மறுநாள் காலை தோட்டத்துச் சனம் நாய்களையும் ஏற்றிக்கொண்டு வேன் பிடித்து வரும், முன்வரிசையில் உட்காரும். நாய்கள் விழா மண்டப வாசலில் கட்டியிருக்கும். நீங்கள் அவற்றைத் தாண்டித்தான் மேடைக்குப் போகவேண்டும்.

இந்தத் தடவை நெற்றியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.